சுவருக்கு அந்தப் பக்கத்துக் காற்று

இது நடந்தது குளிர் தொடங்கிய சமயத்திலா, முடிந்த சமயத்திலா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. இதை எனக்குச் சொன்னவர் கரிக்காரரின் மைத்துனர். ஒரே கதையை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்லக்கூடியவர் அல்ல அவர். கரிக்காரரிடமே கேட்டுச் சரிபார்க்கலாமென்றால், "அப்படித்தான் இருக்கும்" என்று அவர் முடித்துக்கொள்வார். அதனால் யார் எங்கே நின்றார்கள், சுவருக்கு என்ன நிறம் என்பதிலெல்லாம் நான் தவறியிருக்கலாம். பேசப்பட்டவை மட்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கரிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். நகரத்தின் பழைய பகுதியில், ஒரே ஓர் அறை கொண்ட சோதனைக்கூடம் அவருடையது. மண்ணுக்கடியில் உள்ள பாறையிலிருந்து ரேடான் என்றொரு வாயு கிளம்புகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. பழைய வீடுகளின் தரைவெடிப்பு வழியாக ஏறிக் கீழறைகளில் தங்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். அதை அளக்க, கரி நிரப்பிய தட்டையான தகர டப்பா ஒன்றைத் திறந்து, ஜன்னல்களைச் சாத்தி, சில நாள் அறையில் வைக்க வேண்டும். பிறகு மூடி எடுத்துவந்தால், கரி எவ்வளவு வாயுவைப் பிடித்திருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். சொல்வதை ஒரே வரியில் சொல்வார்.

மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாவுக்கு வந்த மைத்துனர் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கிளம்ப அவருக்குக் கால் வரவில்லை. ஒருவர் பேசியே பொழுதைக் கழிப்பார், மற்றவர் பேசாமலே கழிப்பார். இடையில் இருந்து இருவரையும் இணைத்தவள் இப்போது இல்லை. அந்த இடத்தை அவர்கள் இருவருமே சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

கண்ணாடிக்காரி வந்தது ஒரு மதியத்தில். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவள், நாற்பதைத் தாண்டியவள். மேசைமேல் ஒரு கரி டப்பாவை வைத்துவிட்டு, கேட்காமலே உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இது. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய கல்வீடுகளின் வரிசையில் அவள் வீடும் ஒன்று. கீழே, பாதி மண்ணுக்குள் இறங்கிய அறையில் அவளுடைய அப்பா இருக்கிறார். பூட்டுச் செய்பவர்; அந்த அறைதான் ஒருகாலத்தில் அவருடைய பட்டறை. அம்மா போன பிறகு கட்டிலையும் அங்கேயே இறக்கிக்கொண்டார். அந்த அறையில் முதலில் சோதித்தபோது அளவு அபாயக்கோட்டை வெகுதூரம் தாண்டியிருந்தது. காண்ட்ராக்டரை அழைத்தாள். அவர் தரைவெடிப்புகளை அடைத்து, தரைக்கடியில் குழாய் பதித்து, மின்விசிறி வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றினார். மறுசோதனையில் அளவு இறங்கியது. நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த சோதனையில் ஏறியது. காண்ட்ராக்டர் வந்து பார்த்து எல்லாம் சரி என்றார். மறுபடி வைத்தபோது இறங்கியது. கடைசியாக வைத்ததில் மறுபடி ஏறியிருந்தது.

யாரோ டப்பாவில் விளையாடுகிறார்கள் என்பது காண்ட்ராக்டரின் முடிவு. அவளுக்கோ சந்தேகம் அண்ணன்மேல். அவன் வேறு ஊரில் இருக்கிறான். வந்துபோன இரண்டு முறையும் அளவு ஏறியிருந்தது. அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக இந்தச் சனிக்கிழமை காரோடு வருகிறான். வீட்டை விற்கலாம் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அப்பாவோ, பிணமாகத்தான் அந்த அறையை விட்டு வெளியே வருவேன் என்கிறார்.

"எந்த அளவு நிஜம்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றாள். "நிஜமாவே ஆபத்துன்னா அப்பாவை நானே அனுப்பிடறேன். இல்லேன்னா, யாரோ சொன்னாங்கன்னு இந்த வயசுல அவரை வேரோட பிடுங்க மாட்டேன்."

கரிக்காரர் வெகுநேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அதே வீட்டில் மாடியில் இடமில்லையா என்று கேட்டார்.

"என் ரூமையே தரேன்னேன். அதுவும் வேண்டாங்கறார்."

"மாடியும் வேண்டாம்னாரா" என்றார் கரிக்காரர். கேள்வியாக அல்ல.

மறுநாள் கரிக்காரரும் மைத்துனரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். படியிறங்கும்போது மைத்துனர், பேச்சு வாக்கில், அடுத்த வீட்டில் யார் என்று விசாரித்தார். ஒரு அம்மா தனியாக இருக்கிறாள், ஆனால் தங்களுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சில்லை என்றாள் கண்ணாடிக்காரி. மழைத்தண்ணீர் யார் பக்கம் விழுவது என்று அவள் அம்மாவுக்கும் அந்த அம்மாவுக்கும் எப்போதோ மூண்ட சண்டை. அந்த வீட்டு வாசலை மிதித்தால் என் முகத்தில் முழிக்காதே என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அம்மா போனபின்னும் அது அப்படியே நின்றுவிட்டது. "அந்தம்மா கண்ணாடி போடறாங்க. ஆனா என் கடைக்கு வரமாட்டாங்க. வழியில பாத்தாலும் அவங்க ஆகாசத்தைப் பாப்பாங்க, நான் கைக்கடியாரத்தைப் பாப்பேன்."

கீழறையில் குளிர் இருந்தது. தரை புதிதாகப் பூசி, சாயமடித்து, வெடிப்பின்றி இருந்தது. மேலே ஒரு சின்ன ஜன்னல்; அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்புகள், ஒரு சைக்கிள் சக்கரம், ஒரு நாய். தனியாக இருக்கும் கிழவர் எவரும் அந்த ஜன்னலுக்கு நேரேதான் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். இவருடைய நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துக் கிடந்தது. அதன் கால்கள் இருந்த இடத்தில் தரைச்சாயம் தேய்ந்திருந்தது. எதிரே, சுவரோடு பதித்த பழைய அலமாரி. அதன் இரும்புக் கதவு பூட்டியிருந்தது.

பூட்டுக்காரர் மரியாதையானவர். வந்தவர்களுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கரிக்காரர் உட்காராமல் அறையைச் சுற்றி நடந்தார். ஜன்னல் தாழ்ப்பாள் துருவேறி அசைய மறுத்தது. மேசை இழுப்பறை பாதியில் சிக்கியது. கைவேலைக்காரர் வீட்டில் எதுவும் ஒழுங்காக இருக்காது என்பார்களே, அப்படி. அலமாரிக் கதவின் கீல்கள் மட்டும் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன.

காண்ட்ராக்டர் அதற்குள்ளும் பூசினாரா என்று கரிக்காரர் கேட்டார். இல்லை, உள்ளே கனமான சாமான் இருக்கிறது, பூட்டியே இருக்கட்டும் என்று தாமே சொல்லிவிட்டதாகக் கிழவர் சொன்னார். "வாயு தரையிலேருந்துதானே வருது? தரையைத்தான் அடைச்சாச்சே."

அளவு ஏறுவதற்கு என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டபோது, அவருடைய முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. டப்பாவைத் தொட்டதே இல்லை என்றார். அவருக்கும் அது இறங்கவேண்டும் என்பதுதான் ஆசை. இறங்கினால்தானே அவரைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

மைத்துனர், சும்மா இருக்க முடியாமல், இந்த மாதிரி ஒட்டு வீடுகளில் பக்கத்து வீட்டுச் சத்தம் தூங்கவிடாதே என்றார்.

"அங்க ஏது சத்தம்" என்றார் பூட்டுக்காரர். "அந்தம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆயிருக்கு. டிவிகூடப் பாக்கறதில்ல, பாவம்."

கண்ணாடிக்காரி அப்போது மேலே அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். கரிக்காரர் கிளம்பும்போது வாசலில் அவளிடம், அடுத்த வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது தெரியுமா என்று கேட்டார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்படியா? எப்ப?"

அன்று மாலை சோதனைக்கூடத்தில் மைத்துனர் வழக்கை முடித்துவிட்டார். அண்ணன்தான். அவனுக்கு வீடு விற்கவேண்டும். அதனால் அளவை ஏற்றுகிறான். கரிக்காரர் காதில் விழாதவர்போல, அந்த வீட்டிலிருந்து வந்து சோதனைக்கூட அலமாரியில் கிடந்த பழைய டப்பாக்களை எடுத்துத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஏத்துவான் மச்சான்?" என்றார் கடைசியில்.

மைத்துனர் யோசித்தார். ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றார். அது குறையத்தான் செய்யும். டப்பாவை மாடிக்குக் கொண்டுபோகலாம். அதுவும் குறையும். மூடியைச் சாத்தி வைக்கலாம். அதுவும்தான். பிறகு, "ஏத்த முடியாது போலிருக்கே, அத்தான்" என்றார்.

"குறைச்சுக் காட்ட ஆயிரம் வழி இருக்கு. கூட்டிக் காட்ட ஒரே வழிதான். அந்த வாயு நிஜமாவே அங்க இருக்கணும்."

"அப்ப ஏறினது நிஜம். இறங்கினதுதான் பொய். அந்தப் பெரியவர் டப்பாவை மாடியில வெச்சிருக்கார்."

கரிக்காரர் தராசைக் காட்டினார். கரி வாயுவை மட்டுமல்ல, அறையின் ஈரத்தையும் குடிக்கும். குடித்த அளவு எடை கூடும். மாடிக் காற்று உலர்ந்தது, கீழறைக் காற்று ஈரமானது. அளவு இறங்கிய டப்பாக்களும் ஏறிய டப்பாக்களும் ஒரே அளவு ஈரத்தைத்தான் குடித்திருந்தன. எதுவுமே அந்தக் கீழறையை விட்டு நகரவில்லை. இரண்டு அளவும் நிஜம்.

அவற்றுக்குள் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. ஏறிய டப்பாக்களின் விளிம்பில், ஒரு பக்கமாக மட்டும், செம்மண் நிறத்தில் மெல்லிய தூசி படிந்திருந்தது. பழைய சுண்ணாம்புக் காரையின் தூசி. புதிதாகப் பூசிய அறையில் அதற்கு வேலையில்லை.

மைத்துனர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கரிக்காரர் கையை உயர்த்தினார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தெருவிளக்கு எரியத் தொடங்கியது. அந்த மௌனத்தில்தான் அத்தான் விடையைக் கண்டுபிடித்தார் என்று மைத்துனர் பின்னாளில் சொல்வார். அதில் தனக்கும் பங்கு உண்டென்றும், எவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பது தனக்குத்தான் தெரியும் என்றும் சேர்த்துக்கொள்வார்.

அடுத்த நாள் கரிக்காரர் மைத்துனரை அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்று சொல்லச் சொன்னார். மைத்துனர் ஒரு மணிநேரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த அம்மா கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தாள். முழங்கால் வலியால் மாடியேற முடியாது, கட்டில் கீழறையில். இருமல் இருந்தது. சோதனை எதுவும் வேண்டாம், இந்த வயதில் எது வந்தால் என்ன என்றாள். முதல் கண்ணுக்கும் இரண்டாவது கண்ணுக்கும் மகன் வந்து கூட்டிப்போய், ஆறும்வரை அவன் வீட்டில் வைத்திருந்தான். அது எப்போது என்பதையும் மைத்துனர் கறந்துகொண்டு வந்திருந்தார்.

"அப்புறம், 'நீங்க எப்பவுமே இவ்வளவு பேசுவீங்களா, இல்ல இன்னைக்குத்தானா'ன்னு கேட்டுட்டாங்க அத்தான்."

"நல்ல கேள்வி" என்றார் கரிக்காரர்.

சனிக்கிழமை காலை அண்ணனின் கார் வாசலில் நின்றது. கீழறையில் பூட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ அவருக்காகக் கட்டிவைத்த பெட்டி. காண்ட்ராக்டர் சுவரில் சாய்ந்து நின்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். இன்று தீர்ப்பு ஏற்றமா இறக்கமா என்பதைப் பொறுத்து அந்தப் பெட்டி மேலே போகும் அல்லது அவிழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியைப் பார்த்துக் கிடந்த அதே நாற்காலி.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அளவை ஏற்ற யாராலும் முடியாது. அவன் வந்த நாட்களில் ஏறியது தற்செயல். அண்ணன் தங்கையைப் பார்த்தான். "என்மேலயா சந்தேகப்பட்ட?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு காண்ட்ராக்டர். அவருடைய வேலையில் குறையில்லை. தராசு சொன்னதையும் விளக்கினார்: டப்பாக்களை யாரும் நகர்த்தவில்லை, எல்லா அளவும் உண்மை.

"டப்பாவைக் கெடுத்தது யாருன்னு எல்லாரும் கேட்டுட்டிருந்தோம். அது தப்பான கேள்வி. இந்த ரூம்ல எது மாறி மாறி நடக்குதுன்னு கேட்டிருக்கணும்."

அலமாரிக் கீலைச் சொன்னார். நாற்காலியின் திசையைச் சொன்னார். காரைத்தூசியைச் சொன்னார். மாடியைக்கூட மறுத்ததால், கிழவர் விட மறுப்பது வீட்டையல்ல, இந்த அறையை. அறையிலும் இந்த ஒரு சுவரை என்றார். அடுத்த வீட்டில் ஆள் இல்லாத இரண்டு சமயங்களில்தான் இங்கே அளவு இறங்கியது என்றார். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத அந்த ஆபரேஷனைத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர்தான் என்றார்.

பிறகு நிறுத்திவிட்டார். மிச்சத்தைத் தானே சொல்லிவிடலாமா என்று மைத்துனர் துடித்தார்.

"இதுக்கு மேல நான் சொல்லப் போறதில்ல" என்றார் கரிக்காரர், பூட்டுக்காரரிடம். "அது உங்க கதவு."

ஜன்னலில் ஒரு ஜோடிக் கால்கள் வந்து, நின்று, போயின. "அதனால யாருக்கும் கெடுதல் இல்லையே" என்றார் கிழவர்.

"இருக்கு. காண்ட்ராக்டர் உங்க தரையை நல்லா அடைச்சுட்டார். மேல அடுப்படி ஃபேன் காத்தை இழுக்குது. தரை வழியா வர முடியாத காத்து, நீங்க திறக்கற வழியா வருது. அந்தப் பக்கம் யாரும் தரையை அடைக்கல, குழாய் போடல. உங்க டப்பாவுல ஏறினது கசிஞ்சு வந்த மிச்சம். முழுசும் அந்தம்மா தலைமாட்டுல இருக்கு."

பூட்டுக்காரர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அலமாரி சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே சாமான் ஒன்றுமில்லை. பின்சுவரில் ஒரு கல் மட்டும் சுற்றிலும் காரையில்லாமல் இருந்தது. அதை இரண்டு கையாலும் அசைத்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலிக்காக நின்றார். கரிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.

"இருக்கீங்களா?" என்றார் கிழவர், இருட்டைப் பார்த்து.

"இருக்கேன். எங்க போகப்போறேன்" என்றது ஒரு குரல், இருமலோடு. "என்ன இன்னைக்குக் காலையிலேயே? பொண்ணு கடைக்குப் போயிட்டாளா?"

கண்ணாடிக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கிழவர் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கல் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. மனைவி இறந்த வருடம் ஒருநாள் அதைச் சரிசெய்ய எடுத்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து, உங்கள் மனைவிக்காக வருத்தப்படுகிறேன், வந்து சொல்லத் தைரியமில்லை என்று குரல் வந்தது. அதன்பின் அவரால் அதை அடைக்க முடியவில்லை. இறந்தவள் சொல்லிவைத்ததற்கு எதிராகப் போவதால் மகளிடம் சொல்லவும் முடியவில்லை. வாசலை மிதிக்கக்கூடாது என்றுதானே சொன்னாள், நான் மிதிக்கவில்லையே என்று தனக்குத் தானே வக்கீலாக இருந்திருக்கிறார்.

அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணும் பேசமாட்டோம். நான் இங்க உக்காந்திருப்பேன். அவங்க அங்க படுத்திருப்பாங்க. அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு விடறது கேக்கும். அவ்வளவுதான்."

அண்ணன் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இனி என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்காரி அன்று மாலையே அடுத்த வீட்டு வாசலை மிதித்தாள். அங்கே வைத்த டப்பாவில், அந்தத் தெருவில் கரிக்காரர் கண்ட அளவுகளிலேயே மிக அதிகமானது வந்தது. செய்தி தெரிந்ததும் அந்த அம்மாவின் மகன் வந்து அவளைத் தன் வீட்டுக்கு, ஓர் உயரமான கட்டடத்துக்கு, கூட்டிப்போனான். நுரையீரலில் ஏதோ இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். அது இந்த வாயுவால் வந்ததா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சிகிச்சை எடுத்து, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவள் கிளம்பிய அன்று பூட்டுக்காரர் படியேறித் தெருவுக்கு வந்தார். அவள் புதுக்கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்லுக்குப் பின்னாடி உங்களுக்கு இன்னும் முடி இருந்துச்சு" என்றாளாம்.

காண்ட்ராக்டர் இரு பக்கத்திலிருந்தும் அந்தத் துவாரத்தை அடைத்தார். அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் மாதம் ஒருமுறை வந்துபோகிறான். வீட்டை விற்பதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. கரிக்காரரும் மைத்துனரும் முன்புபோலவே இருக்கிறார்கள்.

அந்த அம்மாவும் பூட்டுக்காரரும் சில வாரங்கள் போனில் பேசிப் பார்த்தார்கள். போனில் சும்மா இருக்க முடிவதில்லை. ஒருவர் பேசாதிருந்தால் மற்றவர் ஹலோ ஹலோ என்கிறார். லைன் போய்விட்டதென்று வைத்துவிடுகிறார். அதனால் அது நின்றுபோயிற்று.

பூட்டுக்காரர் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார். அங்கே இப்போது அளவு மிகவும் குறைவு.